பன்னிரண்டு விநாடி வீடியோவை நம்பி 9,500 ரூபாய்

உதிரி பாகங்களை வாங்கி வாட்ச் சொந்தமாகக் கோக்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் வீட்டில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது 1960களின் பாணியில் ஒரு குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச்சும் சேர்ந்த கைக்கடிகாரம். வெள்ளை டயல், அதற்குள் கறுப்பாக இரண்டு குட்டி டயல், விளிம்பில் இரண்டு பொத்தான். வாட்ச் பைத்தியங்கள் இதை 'பாண்டா' என்பார்கள். அசல் பழைய வாட்ச்சுக்கெல்லாம் நாம் ஆசைப்பட முடியாது. ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017இல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. என் பட்ஜெட் 15,000 ரூபாய்.

பேட்டரியில் ஓடும் வி.கே. 64 மூவ்மென்ட் (வாட்ச்சை ஓட்டும் உள் இயந்திரம்) போட்டிருந்தால் பாதிப் பணத்தில் வேலை முடிந்திருக்கும். கேட்டால்தானே? சாவி கொடுக்கிற வாட்ச்தான் வேண்டும் என்று பிடிவாதம். அந்த விலையில் அதற்கு ஒரே வழி சீனாவின் சீகல் கம்பெனி செய்யும் எஸ்.டி. 1901 மூவ்மென்ட். சுவிட்சர்லாந்தின் வீனஸ் கம்பெனி தன்னுடைய 175 மூவ்மென்டைச் செய்யும் இயந்திரங்களை 1960களின் தொடக்கத்தில் சீனாவுக்கு விற்றது. தியான்ஜின் தொழிற்சாலையில் அதை வைத்துச் சீன விமானப்படைக்கு வாட்ச் செய்தார்கள். அந்த வம்சத்தில் வந்ததுதான் இது. பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், பொத்தானை அழுத்தும்போது கோட்டைக் கொத்தளம் மாதிரி ஒரு குட்டித் தூண் சக்கரம் ஒரு படி திரும்பும். அதைப் பார்ப்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

கேஸும் (வெளிக்கூடு) டயலும் முள்ளும் சீனாவிலிருந்து 5,000 ரூபாய்க்குள் வந்துவிட்டன. (டயல் விற்றவர் பிரபல கம்பெனி பெயர் அச்சடித்துத் தரவா என்று கேட்டார். வேண்டாம், வெறும் டயல் போதும் என்றேன். பெயர் போட்டால் அது போலிச் சரக்கு, கஸ்டம்ஸில் மாட்டும்.) மூவ்மென்டை மட்டும் உள்நாட்டிலேயே வாங்கலாம் என்று நினைத்ததுதான் தப்பு. சமூக ஊடகத்தில் ஒருவர் 'புத்தம் புதுசு, பிரிக்காதது' என்று 9,500 ரூபாய்க்குப் போட்டிருந்தார். வீடியோவும் அனுப்பினார். பொத்தானை அழுத்துகிறார், விநாடிக் கம்பி சுழல்கிறது, நிறுத்துகிறார், சைபருக்குத் திரும்புகிறது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டேன்.

பார்சல் வந்ததும் நானும் அதே மாதிரி சோதித்தேன். ஓடு, நில், திரும்பு. சரியாக இருந்தது. அப்புறம் நான்கு ராத்திரி உட்கார்ந்து டயல் மாட்டி, முள் அழுத்தி, ஸ்டெம்மை (சாவி கொடுக்கும் திருகோடு சேர்ந்த குச்சி) அளவு பார்த்து வெட்டி, கேஸுக்குள் வைத்து மூடினேன். முதல் வேலையாக முட்டை அவிக்க நேரம் வைத்தேன். முட்டை கல்லாகிவிட்டது. வாட்ச் 58ஆவது விநாடியில் நின்றிருந்தது.

விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "ப்ரோ, முள்ளை ஓவரா அழுத்திட்டீங்க. நான் அனுப்பும்போது ஓடுச்சு, வீடியோ பாருங்க." இதில் கொடுமை என்னவென்றால், நான் அதை நம்பினேன். கைப்பழக்கம் இல்லாதவன், முதல் வாட்ச், நாம்தான் கெடுத்திருப்போம் என்று தோன்றாமல் என்ன செய்யும்? இரண்டு வாரம் முள்ளைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகப் போனது. குரோனோகிராஃப் முள்ளை அப்படிப் பலமுறை கழற்றினால் அதன் துளை தளர்ந்துவிடும். சைபருக்குத் திரும்பும்போது விழுகிற அடியில் முள் வழுக்கி, ஒருநாள் 12ஐத் தாண்டி நிற்கும், இன்னொரு நாள் அதற்கு முன்னாலேயே நிற்கும். புது முள் செட்டுக்கு 600 ரூபாய் தண்டம்.

கடைசியில்தான் புத்தி வந்தது. முள் எதுவுமே இல்லாமல், டயலையும் எடுத்துவிட்டு, மூவ்மென்டை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். வாட்ச்சின் துடிப்பான பேலன்ஸ் சக்கரம் நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. குரோனோகிராஃபைத் தட்டினேன். ஒரு நிமிஷம் நெருங்க நெருங்க ஆட்டம் சிறுத்துக்கொண்டே வந்து செத்துப்போனது. முள்ளே இல்லாதபோது முள்ளை அழுத்தியது எப்படித் தப்பாகும்?

பாரிமுனைப் பக்கம் ஐம்பது வருஷமாக வாட்ச் பார்க்கிற ஒரு பாயிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை வைத்து அரை நிமிஷம்தான் பார்த்தார்.

"தம்பி, இதைப் புதுசுன்னு யாரு சொன்னது?"

"வித்தவர்தான் பாய்."

"இது தண்ணி குடிச்ச வாட்ச்சுல இருந்து கழட்டினது. இங்க பாரு."

லென்ஸை என்னிடம் கொடுத்தார். ஸ்டெம் போய் மாட்டும் இடத்தில், டயலுக்கு அடியில், பொடிப் பொடியாகத் துரு. சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும் பாலத் தகடுகளின் திருகுகளில் இரண்டின் தலை கடித்துத் துப்பியது போல இருந்தது. நடுச் சக்கரத்தில் விரல் மாதிரி ஒரு நீட்டல் உண்டு. நிமிஷத்துக்கு ஒருமுறை அதுதான் பக்கத்துச் சக்கரத்தை ஒரு பல் தள்ளி, நிமிஷக் கணக்கை ஏற்றும். அந்த விரல் வளைந்திருந்தது. தள்ளப் போய் முட்டிக்கொண்டு மொத்த வாட்ச்சையும் நிறுத்திவிடுகிறது. நிமிர்த்திப் பார்க்க 3,500 கேட்டார், கேரண்டி இல்லை என்றும் சொன்னார். நேர்மையான மனிதர். நான் மூவ்மென்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

துருவைப் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். "ஸ்டெம் வெட்டிட்டீங்களே ப்ரோ, இனி ரிட்டர்ன் எப்படி எடுக்கறது" என்றார். அதோடு பிளாக். சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன், பார்க்கலாம்.

தானே கோக்கிற வேலையில் இதுதான் பொறி. ஒரு திருகைத் தொட்டாலே பழி நம் தலையில் வந்துவிடும். அதனால் பார்சல் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள். எதையும் மாட்டுவதற்கு முன்னால் முழுச் சாவி கொடுத்து ஒரு நாள் ஓடவிடுங்கள். அதில் அரை மணி நேரமாவது குரோனோகிராஃப் ஓடட்டும், நிமிஷக் கணக்கு ஒவ்வொன்றாக ஏறுகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். அதுவரை ஸ்டெம்மில் கட்டரை வைக்கவே வேண்டாம். வாங்குவதற்கு முன்பே திருகுத் தலைகளையும் டயல் பக்கத்தையும் கிட்டத்தில் படமெடுத்துக் கேளுங்கள். 'கேமரா சரியில்லை' என்று இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். கஸ்டம்ஸ் வரியும் ஒரு மாசக் காத்திருப்பும் மிச்சம் என்று நான் போட்ட கணக்கின் லட்சணம் இதுதான்.

போன வாரம் நண்பரின் போனில் அந்த ஆளின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இன்னொரு எஸ்.டி. 1901, 'புத்தம் புதுசு', இப்போது 10,200 ரூபாய். கூடவே எனக்கு அனுப்பிய அதே வீடியோ. இந்த முறை நேரம் எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டாவது விநாடியில் நிறுத்திவிடுகிறார்.