ஏழு பேரும் ஒரு ட்ரெய்லரும்: ஃபார்ச்சூனரா, ஹைலக்ஸா?

எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து இசிப்பிங்கோவில். பக்கத்தில்தான் பிராஸ்பெக்டன் டொயோட்டா ஆலை. பின்னால் திறந்த தொட்டி உள்ள ஹைலக்ஸ் பிக்கப், ஏழு இருக்கை உள்ள ஃபார்ச்சூனர் இரண்டும் அங்கேதான் தயாராகின்றன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஆலைக்குள் தண்ணீர் புகுந்து மாதக் கணக்கில் உற்பத்தி நின்றபோது எங்கள் பக்கத்தில் எல்லோர் வாயிலும் அதே பேச்சு. அதனால் வண்டி மாற்ற வேண்டிய நேரம் வந்ததும் வீட்டில் முதலில் வந்த பெயர்கள் இவை இரண்டும்தான். கடைசியில் ஃபார்ச்சூனர் 2.8 எடுத்தேன். ஓர் ஆண்டுக்கு மேல் ஓட்டிவிட்டேன். ஹைலக்ஸ் டபுள் கேப், அதாவது இரண்டு வரிசை இருக்கை உள்ளது, என் அண்ணனிடம் இருக்கிறது. அதையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம்.

எங்கள் தேவையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஏழு பேர்: நான், மனைவி, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். அப்புறம் ஒரு ட்ரெய்லர். ஈஸ்டர் வாரத்தில் இசிப்பிங்கோ ரயில் மாரியம்மன் கோயில், ஆடியில் கூழ் ஊற்றுதல், சில ஆண்டுகளில் பீட்டர்மரிட்ஸ்பர்க் கோயில் என்று அண்ணன் தம்பிகள் சேர்ந்து சமைத்துப் போடுகிறோம். அண்டா, அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் அந்த ட்ரெய்லரில்தான் போகும். தீபாவளிக்கு ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும்போதும் அதுவே பின்னால் வரும்.

இரண்டு வண்டிக்கும் அடிச்சட்டம் (சேஸி) ஒரே குடும்பம். 2.8 லிட்டர் டீசல் டர்போ எஞ்சினும் ஒன்றே: ஆட்டோமேட்டிக்கில் பலம் 150 கிலோவாட், முறுக்குவிசை 500 நியூட்டன் மீட்டர். எனவே எஞ்சினைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் 100 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் பலம் இழக்கும். டர்பனில் கடல் மட்டத்தில் கிளம்பி 1,700 மீட்டரைத் தாண்டும் ஜோகன்னஸ்பர்க் பக்கம் போனால் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. எங்கள் பழைய பெட்ரோல் கார் அந்த வழியில் உள்ள வான் ரீனன் மலை ஏற்றத்தில் லாரிகளோடு லாரியாக ஊர்ந்தது இதனால்தான். டர்போ டீசலில் இந்த இழப்பு மிகக் குறைவு. ட்ரெய்லரோடு என் 3 என்கிற டர்பன்–ஜோகன்னஸ்பர்க் நெடுஞ்சாலையில் அடிக்கடி ஏறுகிறவர் எந்த வண்டி எடுத்தாலும் டர்போ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

ஹைலக்ஸின் நியாயத்தை முதலில் சொல்கிறேன். இழுப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் அதுதான் மேல். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி ஹைலக்ஸில் 3,085 மில்லிமீட்டர், ஃபார்ச்சூனரில் 2,745. அந்த 34 சென்டிமீட்டர் வித்தியாசம் ட்ரெய்லர் மாட்டியதும் கைக்குத் தெரியும். பக்கக் காற்று அடித்தாலோ பெரிய லாரி முந்திப் போனாலோ ஹைலக்ஸ் அசையாமல் நிற்கும்; ஃபார்ச்சூனரின் வால் லேசாக ஆடும். ஹைலக்ஸின் பின்னால் இருப்பது இலைப்பட்டை ஸ்பிரிங், சுமை ஏற ஏற அது நிதானமாகிறது. ஃபார்ச்சூனரில் சுருள் ஸ்பிரிங். ஆள் உட்கார சுகம், ஆனால் கொக்கியில் பாரம் விழுந்ததும் பின்பக்கம் அமுங்கி, முன்விளக்கு வெளிச்சம் மேலே தூக்கிக்கொள்கிறது. காஸ் சிலிண்டரை ஆட்கள் இருக்கும் இடத்தை விட்டுத் திறந்த தொட்டியில் வைக்கலாம் என்பதும் ஹைலக்ஸுக்குப் பெரிய வசதி. சிறிய சமையல் என்றால் அண்ணனுக்கு ட்ரெய்லரே தேவைப்படுவதில்லை.

அப்படியிருந்தும் நான் ஏன் அதை எடுக்கவில்லை? ஹைலக்ஸில் ஐந்து இருக்கைதான். பின் இருக்கையில் அம்மா ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் இடுப்பு வலி; சுமை இல்லாதபோது அந்த இலைப்பட்டை தூக்கித் தூக்கிப் போடும். நீளமும் 5.3 மீட்டர். எங்கள் கராஜில் கதவு மூடாது. ஃபார்ச்சூனர் 4.8 மீட்டர், மூடிவிடுகிறது. ராத்திரி இந்த இரண்டு வண்டிகளையும் தெருவில் விட்டுவிட்டால் திருட்டுப் பயத்தில் இங்கே யாரும் தூங்க முடியாது.

சரி, இனி என்னைப் பல நாள் யோசிக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத் தாளில் எத்தனை டன் இழுக்கும் என்று போட்டிருக்கிறது என்பதையே எல்லோரும் கேட்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். ஆனால் குடும்பத்தோடு இழுக்கிறவருக்கு வேண்டிய எண் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் வட்டில் இருக்கிறது. அதில் டேர் என்று ஒன்று, ஜி.வி.எம். என்று ஒன்று. டேர் என்பது வெறும் வண்டியின் எடை. ஜி.வி.எம். என்பது எல்லாம் ஏற்றிய பிறகு வண்டி எட்டக்கூடிய உச்ச எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் ஏற்றக்கூடிய பாரம். என் வண்டியில் அது ஏறக்குறைய 600 கிலோ.

600 கிலோ ஏராளம் என்றுதான் நினைத்தேன். ஒரு பீட்டர்மரிட்ஸ்பர்க் பயணத்துக்கு முந்தின ராத்திரி அம்மா பூஜைச் சாமான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது நான் பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன். பெரியவர்கள் நான்கு பேர், தலைக்கு 75 வைத்தால் 300. பிள்ளைகள் மூவரும் சேர்ந்து 135. ஆக 435. ட்ரெய்லரின் மூக்கு கொக்கியை அழுத்துகிறதே, அந்த எடையைச் சுமப்பது ட்ரெய்லர் இல்லை, வண்டிதான். ட்ரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மூக்கில் இருந்தால்தான் ஓட்டம் நிதானமாக இருக்கும். எங்களுக்கு அது 70 கிலோ. இதோடு 505. அடுத்தது பலரும் மறப்பது: இந்த நாட்டுச் சட்டப்படி டேர் எடையில் எரிபொருள் சேராது. 80 லிட்டர் டாங்க் நிறைய டீசல் என்றால் அதுவே 67 கிலோ. மொத்தம் 572. மிச்சம் 28 கிலோ. ஏழு பேரின் துணிப்பை ஒன்றுகூட இன்னும் ஏறவில்லை.

ட்ரெய்லர் பக்கமும் கணக்கு இருக்கிறது. எங்களுடையது பிரேக் இல்லாதது. ஜி.வி.எம். 750 கிலோ, அதன் சொந்த எடை 230. ஆக 520 கிலோ ஏற்றலாம். 25 கிலோ அரிசி மூட்டை பத்து, 250. பத்தொன்பது கிலோ காஸ் சிலிண்டர் இரண்டு, இரும்பையும் சேர்த்தால் 80. அண்டாக்கள் 80. அடுப்பும் மடக்கு மேசைகளும் 70. பருப்பு, உருளைக்கிழங்கு, எண்ணெய் 60. கூட்டினால் 540! ஒரு மூட்டையைக் காருக்குள் மாற்றினால் ட்ரெய்லர் சரியாகிவிடும். காரில் மூன்று கிலோ மிச்சமிருக்கும். அம்மாவின் பூஜைக் கூடையே அதைவிடக் கனம்.

அன்று அப்பாவும் பெரியவனும் அண்ணனின் ஹைலக்ஸில் வந்தார்கள். டாங்கைப் பாதிக்கு மேல் நிரப்பவில்லை. அதன்பிறகு இதுவே எங்கள் வழக்கம். ட்ரெய்லர் நிறைந்தால் வண்டியில் ஐந்து பேர், ட்ரெய்லர் அரைகுறை என்றால் ஏழு பேர். ஏழு இருக்கை, இத்தனை டன் இழுவை என்று தனித்தனியாக எழுதிவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் முழுதாகப் பயன்படுத்த முடியுமா என்று வாங்கும்போது ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதற்குப் பிறகும் ஃபார்ச்சூனர்தான் எனக்குச் சரி என்கிறேன், ஏனென்றால் ட்ரெய்லர் நிறையும் பயணம் ஆண்டுக்கு மூன்று நான்குதான். ஹைலக்ஸ் என்றால் பள்ளி, கோயில், கல்யாணம் என்று ஒவ்வொரு தடவையும் இரண்டு பேருக்கு வேறு வண்டி தேட வேண்டும்.

பிரேக் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பிரேக் இல்லாத ட்ரெய்லரின் ஜி.வி.எம். 750 கிலோவுக்குள் இருக்க வேண்டும், இழுக்கும் வண்டியின் டேரில் பாதியையும் தாண்டக் கூடாது. 1,200 கிலோ கார் என்று வைத்துக்கொள்ளுங்கள், பாதி 600. அதன் பின்னால் இந்த 750 கிலோ ட்ரெய்லரைப் பிரேக் இல்லாமல் மாட்டுவது சட்டப்படி தப்பு. பழைய காரில் நாங்கள் பல ஆண்டுகள் அப்படித்தான் போயிருக்கிறோம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த இறக்கங்களில் இறங்கியதை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. ஃபார்ச்சூனர் இரண்டு டன் வண்டி என்பதால் இந்த விதி பிரச்சினை இல்லை.

கேரவன் (இழுத்துப் போகும் வீட்டு வண்டி) வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொரு விதி. பெரும்பாலான கேரவன்களில் இருப்பது, இழுக்கும் வண்டி வேகம் குறைத்ததும் தானாகத் தள்ளப்பட்டுப் பிடிக்கிற ஓவர்ரன் பிரேக். அப்படிப்பட்டதன் ஜி.வி.எம். இழுக்கும் வண்டியின் டேரைத் தாண்டக் கூடாது. ஃபார்ச்சூனரின் போட்டி வண்டிகளான ஃபோர்ட் எவரெஸ்ட், இசூசு மியூ-எக்ஸ் இரண்டுக்கும் பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு 3,500 கிலோ என்று தாளில் இருக்கிறது. ஆனால் அந்த வண்டிகளின் டேர் அதைவிட மிகக் குறைவு. ஓவர்ரன் பிரேக்கோடு அந்த 3,500-ஐ நெருங்கவே முடியாது.

அந்த இரண்டையும் பார்க்காமல் விடவில்லை. மூன்றாம் வரிசை இருக்கையில் அவை ஃபார்ச்சூனரைவிட நிச்சயமாக மேல். தரையோடு தரையாக மடங்குகின்றன. ஃபார்ச்சூனரில் அது இரண்டு பக்கமும் தூக்கிக் கட்டித் தொங்குகிறது, நல்ல இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஐந்து பேராகப் போகும் நாளில் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். மியூ-எக்ஸை ஒரு மத்தியானம் மட்டும் ஓட்டினேன், அமைதியாகத்தான் போனது. ஒரு மத்தியானத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எங்கள் பகுதியில் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கைவைக்கும் வண்டி டொயோட்டா. திரும்ப விற்கும்போதும் ஆள் தேட வேண்டாம். இந்த இரண்டும் என்னை இந்தப் பக்கம் இழுத்துவிட்டன.

ஹூண்டாய் ஸ்டாரியா மாதிரி வேன்களைப் பற்றி மனைவி கேட்டாள். ஆட்களுக்கு அதுவே சிறந்தது. கதவு நகர்ந்து திறக்கிறது, படி தாழ்வு, புடவை கட்டிய அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறிவிடுவார். ஃபார்ச்சூனரில் ஏற அம்மாவுக்கு ஒரு சின்ன முக்காலி வைத்திருக்கிறோம். ஆனால் ஸ்டாரியா முன்சக்கரத்தால் ஓடுவது. பின்னால் கொக்கியில் பாரம் அழுத்தினால் முன்பக்கம் லேசாகும், பிடிப்பு வேண்டிய சக்கரமும் அதுதான். மழை நாளில் கோயில் மைதானத்துச் சேற்றிலிருந்து ட்ரெய்லரை இழுத்து வெளியே வருகிறவன் என்பதால் நான் தயங்கினேன். ட்ரெய்லர் இல்லாத குடும்பத்துக்கு அதையே சொல்வேன்.

ஃபார்ச்சூனர் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போன தீபாவளிக்கு அக்கா தன் பழைய ஃபிரிஜை எங்களுக்குக் கொடுத்தாள். அவசரத்தில் அதை ட்ரெய்லரின் வால் பக்கம் ஏற்றிவிட்டேன். ஹோவிக் தாண்டி டவுன் ஹில் இறக்கத்தை நெருங்கும்போது வேகம் நூற்றுப் பத்து. ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தது. பிரேக்கில் கால் வைக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பின்னால் பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. ஹில்டனில் நிறுத்தி, ஃபிரிஜை அச்சுக்கு முன்னால் நகர்த்திக் கட்டிவிட்டு, கியரைக் கையால் மூன்றாவதில் வைத்து எண்பதில் இறங்கினோம். நீளமான ஹைலக்ஸாக இருந்தால் அந்த ஆட்டம் குறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இப்போது ஒவ்வொரு தடவையும் கிளம்புமுன், குளியலறையில் எடை பார்க்கும் கருவியை ஒரு கட்டை வைத்து ட்ரெய்லரின் மூக்குக்கு அடியில் கொடுத்துப் பார்க்கிறேன். அறுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில் காட்டினால்தான் வண்டியை எடுப்பேன்.

இந்த ஈஸ்டருக்குள் பிரேக் உள்ள பெரிய ட்ரெய்லர் ஒன்று வாங்கலாம் என்று அண்ணன் சொல்கிறான், ஜி.வி.எம். 1,200 கிலோ. வண்டி இழுக்கும், டேர் கணக்கும் சரிதான். ஆனால் 750 கிலோவைத் தாண்டிய ட்ரெய்லருக்குச் சாதாரணமாகக் கார் ஓட்டும் என் பி லைசென்ஸ் போதாது, ஈ.பி. லைசென்ஸ் வேண்டும். அதற்கான தேர்வில் ட்ரெய்லர் மாட்டியபடி ரிவர்ஸ் எடுத்துக் காட்ட வேண்டும் என்பதால் ஞாயிறு காலையில் காலி மைதானத்தில் பழகிக்கொண்டிருக்கிறேன். அப்பா பின்னால் நின்று கைகாட்டுகிறார்.