83 லட்சம் புள்ளிக்குக் காசு கொடுத்து 37 லட்சம் வாங்கி வந்தேன்: 4கே மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

முந்தாநாள் இரவு பதினொன்றரை மணிக்கு மானிட்டரின் பின்பக்கம் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரை உரித்தேன். அதற்கு அடியில் கம்பெனி போட்ட மாடல் எண் இருந்தது. கம்பெனியின் தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் 2560 × 1440 புள்ளிகள், விஏ பேனல் (சாய்ந்து பார்த்தால் நிறம் மாறும் திரை வகை) என்று வருகிறது. நான் 38,500 ரூபாய் கொடுத்தது 3840 × 2160 புள்ளிகள் (இதைத்தான் 4கே என்பார்கள்), ஐபிஎஸ் பேனல் (சாய்ந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) என்று சொல்லி விற்கப்பட்ட மானிட்டருக்கு. அதே மாடல் இன்றைக்கு 17 ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. ரெண்டு நாளாகச் சரியாகத் தூக்கம் இல்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

காரைக்குடிப் பக்கம் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். ரெண்டு போட்டோகிராபர்கள் எனக்கு வேலை கொடுக்கிறார்கள். ராத்திரி என் வேலை முடிந்ததும் தம்பி அதே கம்ப்யூட்டரில் கேம் ஆடுவான். அவனுக்கு 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 தடவை திரை புதுப்பிப்பது) வேண்டும், எனக்குக் கலர் சரியாக இருக்க வேண்டும், படம் நுணுக்கமாகத் தெரிய வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் 6000 × 4000. பழைய ஃபுல் எச்டி (1920 × 1080) மானிட்டரில் அதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஒரு நேரத்தில் முழு அளவில் தெரியும், மற்றதை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். அதனால் ரெண்டு பேருக்கும் பொதுவாக 27 அங்குல 4கே, 144 ஹெர்ட்ஸ் என்று முடிவு செய்து அஞ்சு மாசம் காசு சேர்த்தோம். தம்பியின் பார்ட் டைம் சம்பளமும் அதில் இருக்கிறது.

மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கடை. பேர் சொல்லவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். முதலாளிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "ஆல்பம் ஒர்க்கா தம்பி? நம்மகிட்ட ஸ்டூடியோக்காரங்கதான் நிறைய வருவாங்க" என்றார். ஒரு மானிட்டரில் கிளி வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, இறகு இறகாகத் தெரிந்தது. நான் கேட்பதற்கு முன்னாலேயே டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்து காட்டினார்: 3840 × 2160. "இதோ பாருங்க, நான் சொல்லல, விண்டோஸே சொல்லுது" என்றார்.

அந்த இடத்தில்தான் நான் நம்பினேன். ஆள் பொய் சொல்லலாம், கம்ப்யூட்டர் சொல்லுமா என்று நினைத்தேன். அந்தப் பட்டியலை அவர் கீழே இறக்கவே இல்லை. இறக்கியிருந்தால் 2560 × 1440 என்ற வரிக்குப் பக்கத்தில் 'ரெக்கமெண்டட்' (இந்தத் திரைக்கு உகந்தது) என்று இருந்திருக்கும். வீட்டில் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

இதில் உள்ள சூது என்னவென்றால், சில 2560 × 1440 மானிட்டர்கள் எச்டிஎம்ஐ கேபிள் வழியாக 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும். வாங்கி, உள்ளேயே சுருக்கி, இருக்கிற புள்ளிகளில் காட்டும். பிளேஸ்டேஷன் மாதிரி கன்சோல் வைத்திருப்பவர்களுக்காகக் கம்பெனிகள் கொடுக்கிற வசதி அது, அதில் தப்பில்லை. ஆனால் அப்படி வைத்துவிட்டால் கம்ப்யூட்டர் 3840 × 2160 என்றே காட்டும். உண்மையான 4கே என்றால் 83 லட்சம் புள்ளி. என் மேஜையில் இருப்பது 37 லட்சம்.

டப்பா எங்கே என்று கேட்டேன். "டிஸ்ப்ளேக்கு வச்ச பீஸ் தம்பி, அதனாலதான் 46 ஆயிரம் பீஸை 38,500-க்குத் தர்றேன்." பில் கேட்டேன். "பில் போட்டா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி மேல வரும், உங்களுக்கு எதுக்கு? வாரண்டிக்கு நான் இருக்கேன்." ஒரு எஸ்டிமேட் சீட்டில் '27 அங்குலம் எல்இடி மானிட்டர் 1' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். 38,500 ரூபாயையும் ஜிபேயில் அனுப்பினேன். கடை பேரில் இல்லை, ஒரு தனிநபர் பேரில் போனது. பேரைப் பார்த்தேன், வீட்டு ஆள் யாராவது இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து டிஸ்ப்ளே போர்ட் (எச்டிஎம்ஐ மாதிரி இன்னொரு இணைப்பு) கேபிளில் மாட்டினால் 2560-க்கு மேல் வரவில்லை. உடனே போன் போட்டேன். "கேபிள் லோக்கலா இருக்கும், மாத்துங்க" என்றார். 900 ரூபாய்க்குப் புதுக் கேபிள் வாங்கினேன், அதே கதை. "டிரைவர் அப்டேட் பண்ணுங்க." பண்ணினேன். "உங்க கிராபிக்ஸ் கார்டு பழசு தம்பி." கார்டு வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கடைசியில் எச்டிஎம்ஐயில் போடச் சொன்னார். போட்டதும் 3840 வந்தது, ஆனால் 60 ஹெர்ட்ஸ். அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தார்: "எடிட் பண்ணும்போது எச்டிஎம்ஐ, கேம் ஆடும்போது டிஸ்ப்ளே போர்ட். ப்ரோ ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்காங்க." ஒன்பது நாள் நானும் தம்பியும் மேஜைக்குப் பின்னால் குனிந்து குனிந்து கேபிள் மாற்றினோம்.

இதில் எனக்குத் தாங்க முடியாதது வேறு ஒன்று. ஒரு முகூர்த்த ஆல்பம் கையில் இருந்தது. நூறு சதவீதத்தில் வைத்துப் பார்த்தால் பெண்ணின் கண் இமை மசமசவென்று இருந்தது, அரக்குப் பட்டின் ஜரிகை இழை ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தது. போட்டோ எடுத்த அண்ணனிடம் "ஃபோகஸ் போயிருக்குண்ணே, நாற்பது படத்துக்கு மேல" என்று சொல்லிவிட்டேன். இருபது வருஷமாகக் கேமரா பிடிக்கிறவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை, லென்ஸைச் சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டார். ரெண்டு நாள் கழித்து அவருடைய லேப்டாப்பில் அதே படங்களைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு இமையும் தனித்தனியாக நின்றது. அந்த மனிதரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அன்று இரவுதான் சோதித்தேன். ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளை என்று மாறி மாறிக் கோடு போட்டு ஒரு படம் செய்து முழுத்திரையில் திறந்தேன். 4கே திரையில் கோடு கோடாகத் தெரிய வேண்டும். எனக்குச் சாம்பல் நிறத்தில் அலை அலையாக வந்தது. 2560-க்கு மாற்றி அந்த அளவுக்கு ஒரு படம் செய்து பார்த்தேன், கோடுகள் பளிச்சென்று நின்றன. அப்புறம்தான் ஸ்டிக்கரை உரித்தேன். நண்பரின் காலிபிரேட்டரை (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) வாங்கிக் கலரும் பார்த்தாயிற்று. கடைக்காரர் 99 சதவீதம் அடோப் ஆர்ஜிபி (அகலமான ஒரு நிற வரம்பு) என்றார், அளந்தால் 75. தலையைக் கொஞ்சம் சாய்த்தால் மாப்பிள்ளையின் தலைமுடிக் கறுப்பு வெளுக்கிறது, அது விஏ பேனலின் குணம்.

நேற்று மானிட்டரைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரெண்டு மணி நேரம் பஸ்ஸில் போனேன். கடைப்பெண் "அண்ணன் வெளியே போயிருக்காங்க சார்" என்றார். முக்கால் மணி நேரம் நின்றபிறகு முதலாளி உள்ளே இருந்து வந்தார்.

"4கே சிக்னல் எடுக்குதுல்ல? அப்ப அது 4கே மானிட்டர்தான்."

மாடல் எண்ணைக் காட்டினேன்.

"ஸ்டிக்கரை உரிச்சிட்டீங்களா? அப்ப வாரண்டி போச்சு."

38,500 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். பழைய பீஸாக 12 ஆயிரத்துக்கு எடுத்துக்கொள்கிறாராம். பத்து நாள் முன்னால் அவரே விற்ற பொருள்! அந்த நேரத்தில் உள்ளே ஒரு காலேஜ் பெண்ணும் அவளுடைய அப்பாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அதே கிளி வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. "சார், மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்க" என்று அந்த அப்பாவிடம் சொன்னேன். கடைக்காரர் "யாவாரத்தைக் கெடுக்காதய்யா, வெளியே போ" என்று கத்தினார். பத்து நாளுக்கு முன்னால் டீ வாங்கிக் கொடுத்து தம்பி என்று கூப்பிட்ட அதே ஆள். மானிட்டரைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மாடல் எண்ணை உங்கள் கண்ணால் பார்த்து, உங்கள் போனில் கம்பெனி தளத்தில் தேடிவிட்டுக் காசு கொடுங்கள். ஸ்டிக்கர் மறைத்திருந்தால் வாங்கவே வேண்டாம். ரெசல்யூஷன் பட்டியலில் 'ரெக்கமெண்டட்' எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கோடு போட்ட படத்தைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். எச்டிஎம்ஐ 2.0 என்றால் 4கே 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 4கேயில் 144 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.1, இல்லையென்றால் டிஎஸ்சி (சிக்னலைச் சுருக்கி அனுப்பும் முறை) உள்ள டிஸ்ப்ளே போர்ட் 1.4 வேண்டும், கார்டும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். நூறு சதவீதம் கலர் என்று சொன்னால் எதில் நூறு என்று கேளுங்கள், எஸ்ஆர்ஜிபியா (சாதாரணத் திரைகளின் நிற வரம்பு), அடோப் ஆர்ஜிபியா? ஆல்பம் அச்சடிக்கும் லேப்காரர் எஸ்ஆர்ஜிபி ஃபைல்தான் கேட்கிறார், நான் அடோப் ஆர்ஜிபிக்கு அலைந்ததே தேவையில்லை. மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பில் கொடுக்காமல் விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம் என்றே இருக்கிறது. 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் இன்று காலை பதிவு செய்துவிட்டேன். அது சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை அஞ்சு லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை. ஜிபே ரசீது, எஸ்டிமேட் சீட்டு, அவர் வாட்ஸாப்பில் அனுப்பிய '4கே 144 ஐபிஎஸ்' என்ற மெசேஜ் மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். 38,500 ரூபாய் முழுசாக வரும்வரை விடமாட்டேன்.

அந்த அப்பா நேற்று வாங்கினாரா என்று தெரியவில்லை. மதுரையில் ஒரு கடையில் கிளி வீடியோ பார்த்து 27 அங்குல மானிட்டர் வாங்கி வந்தவர் யாராவது இதைப் படித்தால், டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். 2560-க்கு மேல் வராவிட்டால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.