மிதவையை யார் பார்த்துக்கொள்வது: அரசா, கம்பெனியா, இரண்டும் சேர்ந்தா?

கிழக்குக் கடற்கரையில் ஒரு சின்னத் தனியார் ஜெட்டியில் கப்பல்களை உள்ளே கொண்டுவருவதும் வெளியே அனுப்புவதும் என் வேலை. சில வருடங்களுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு அலைமானி மிதவை தேவைப்பட்டது. கரையிலிருந்து 5 கிலோமீட்டர், ஆழம் 16 மீட்டர். அலை எவ்வளவு உயரம், எந்தப் பக்கமிருந்து வருகிறது, ஒரு அலைக்கும் அடுத்ததுக்கும் நடுவே எத்தனை நொடி. அரை மணிக்கு ஒரு தடவை இவ்வளவு தெரிந்தால் போதும். இது தெரியாமல், கப்பலை வெளியே நிறுத்திவைத்துக் கட்டிய டெமரேஜை (தாமதக் கட்டணத்தை) நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மேசைக்கு மூன்று யோசனைகள் வந்தன. ஒன்று, அரசு நிறுவனம் ஏதாவது இந்தப் பக்கம் மிதவை போடும்வரை எழுதிப்போட்டுக் காத்திருப்பது. இரண்டு, ஒரு தனியார் கம்பெனி தன் செலவில் மிதவை போடும், நாங்கள் மாதாமாதம் டேட்டாவுக்கு மட்டும் பணம் கட்டுவது. மூன்று, கருவிக்கும் பராமரிப்புக்கும் பணம் எங்களுடையது. தரம் பார்ப்பது, சேமித்துவைப்பது, கேட்பவர்களுக்குக் கொடுப்பது ஒரு பொது நிறுவனத்தின் பொறுப்பு. நாங்கள் இரண்டாவதில் ஒன்றரை வருடம் கையைச் சுட்டுக்கொண்டு மூன்றாவதுக்கு வந்தோம். ஆகவே நான் யார் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

முதலில் அரசு. ஆழ்கடலுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை என்பதுதான் என் எண்ணம். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் (என்.ஐ.ஓ.டி.) 1996-இல் தரவு மிதவைத் திட்டத்தைத் தொடங்கியது. வங்காள விரிகுடா நடுவில் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் மிதவையைக் கட்டிவைத்து, புயல் நேரத்தில் கடலின் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் அனுப்பவைப்பது எந்தக் கம்பெனிக்கும் லாபம் தருகிற தொழில் இல்லை. ஆனால் அவர்களுடைய கவலை விரிகுடா. என்னுடைய கவலை என் வாசலில் இருக்கும் கப்பல் கால்வாய். எங்கள் ஜெட்டி அவர்கள் வரைபடத்தில் இல்லை என்று கோபப்படுவதில் நியாயமில்லை.

அரசு வழிக்குள்ள பலவீனம் கருவியில் இல்லை, கப்பலில் இருக்கிறது. மிதவை இருக்கும், அதைப் போய்ப் பார்க்கக் கப்பல் ஒதுக்க நாள் இருக்காது. பணக்கார நாட்டிலேயே இது நடந்தது. பசிபிக்கில் நிலநடுக்கோட்டை ஒட்டி, எல் நினோவைக் கண்காணிக்க அமெரிக்காவும் ஜப்பானும் சுமார் 70 மிதவைகள் வைத்திருந்தன. அமெரிக்கப் பக்கத்து மிதவைகளைப் பராமரிக்க இருந்த கப்பலை 2012-இல் செலவைக் குறைக்க நிறுத்தினார்கள். 2014 தொடக்கத்தில், வரவேண்டிய டேட்டாவில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் வந்துகொண்டிருந்தது. விஞ்ஞானிகள் சத்தம் போட்ட பிறகு கப்பல் நாட்கள் கொடுத்து மீட்டெடுத்தார்கள்.

அடுத்தது, டேட்டாவை விலைக்கு வாங்குவது. கேட்பதற்கு இதுதான் இனிப்பு. 2021 செப்டம்பர் 30 அன்று செயில்ட்ரோன் நிறுவனத்தின் ஆளில்லாப் பாய்மரக் கலம் ஒன்று சாம் என்ற சூறாவளிக்குள் போய் வீடியோ எடுத்து அனுப்பியது; பார்த்தவர்கள் வாயடைத்துப் போனோம். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா அந்தக் கலத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ளவில்லை, கம்பெனியோடு சேர்ந்து ஓட்டியது. சோஃபார் என்ற இன்னொரு கம்பெனியின் சோலார் மிதவையை ஒரு ஆள் தூக்கிப் படகிலிருந்து போட்டுவிடலாம். மூலதனம் வேண்டாம், ஸ்டோர் ரூம் வேண்டாம், டெண்டர் தலைவலி வேண்டாம். குறிப்பிட்ட வேலைக்கு, சில மாதங்களுக்கு என்றால் நானே இதைத்தான் சொல்வேன். (சாட்டிலைட் வழியாகப் பேசும் கருவி என்றால் ஒன்று கவனியுங்கள்: அனுமதியில்லாமல் இரிடியம், துரையா கருவிகளை வைத்திருப்பது நம் நாட்டில் சட்டச் சிக்கல். நாங்கள் கரைக்குப் பக்கம் என்பதால் மொபைல் சிக்னலிலேயே சமாளித்தோம்.)

எங்களுக்கு எங்கே உதைத்தது என்றால், ஒப்பந்தத்தில் இருந்த ஒரு எண்ணில். "ஆண்டுக்கு 80 சதவீத டேட்டா உத்தரவாதம்" என்று எழுதியிருந்தது. நானும் நல்ல எண்தானே என்று தலையாட்டினேன். முதல் ஒன்பது மாதம் கடிகாரம் போல வந்தது. அக்டோபர் கடைசியில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து, மிதவை நங்கூரத்தோடு இழுத்துக்கொண்டு போனது. கம்பெனிக்காரர்கள் கடல் அடங்கட்டும் என்றார்கள், அப்புறம் ஸ்பேர் வரட்டும் என்றார்கள், அப்புறம் படகு கிடைக்கவில்லை என்றார்கள். மறுபடியும் டேட்டா வர ஜனவரி பொங்கல் நெருங்கிவிட்டது. மொத்தம் பத்து வாரம். அபராதம் கேட்கலாம் என்று கணக்குப் போட்டால், 52 வாரத்தில் 42 வாரம் வந்திருக்கிறது, 80.8 சதவீதம். ஒப்பந்தம் மீறப்படவே இல்லை! வருடத்தில் எங்களுக்கு அந்தக் கருவி உயிராக வேண்டியிருந்த பத்து வாரத்தில் அது செத்துக்கிடந்தது, சும்மா கடல் தூங்குகிற மார்ச்சில் ஒழுங்காக உழைத்தது. மேற்கொண்டு, பழைய டேட்டாவைப் பக்கத்துக் கல்லூரி கேட்டபோது கொடுக்க எங்களுக்கு உரிமை இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அவர்களை நான் ரொம்பக் குறை சொல்ல மாட்டேன். மிதவையை விற்பது ஒரு தொழில், மிதவையைக் காப்பாற்றுவது வேறு தொழில். இந்த அலசலில் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: நான்காவது வருடம் கொட்டலசைச் சுரண்டப்போவது யார்?

கொட்டலசு தெரியாதவர்களுக்கு: பாறையிலும் படகடியிலும் ஒட்டிக்கொள்ளும் சுண்ணாம்பு ஓட்டு உயிர். காலில் பட்டால் கிழித்துவிடும். நம் கடலில் ஒரு மிதவையைப் போட்டால் சில வாரத்தில் பாசி, அதன்மேல் கொட்டலசு, அதன்மேல் சிப்பி. எங்கள் மிதவை நெதர்லாந்துக்காரர்களின் டேட்டாவெல் வகை, 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டை, எடை 200 கிலோவுக்கு மேல். அதன்மேல் ஒரு மூட்டை கொட்டலசு ஏறினால் உருண்டை தாழ்ந்து மிதக்கும், அலையோடு ஏறி இறங்குவதில் மந்தமாகும். அளவு தப்பு என்று திரையில் எங்கேயும் சிவப்பு விளக்கு எரியாது. எண் வந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் குறைவாக. டேட்டா வராததைவிட இது மோசம்.

நங்கூரத்தில் நீளமான ரப்பர் கயிறு ஒன்று உண்டு. அலைக்கு ஏற்றபடி மிதவை தாராளமாக ஏறி இறங்குவதற்கு அதுதான் நீண்டு சுருங்கி இடம் கொடுக்கிறது. வெயிலிலும் மீன் தூண்டிலிலும் கீறல் விழுந்தால் ஒருநாள் பட்டென்று போகும். சங்கிலியை இணைக்கும் ஷேக்கிள் பின் தேயும். உருண்டைக்குள் இருக்கும் சென்சார் திரவத்தில் தொங்குகிறது. மிதவையைச் சுழற்றக் கூடாது என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். இது தெரியாத ஒரு கிரேன்காரர் கொக்கியில் மாட்டி ராட்டினம் போலச் சுற்றவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். பேட்டரி மூன்று வருடம் வரும், சரிதான். பேட்டரிக்காகவா கடலுக்குப் போகிறோம்? ஐந்து வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், படகுக்கும் கிரேனுக்கும் ஆளுக்கும் கொடுத்தது மிதவையின் விலையை நெருங்கிவிட்டது. விலைப்பட்டியலில் இந்த வரியே இருக்காது.

அப்புறம் மனிதர்கள். மிதவைக்கு அடியில் நிழல் விழும், மீன் கூடும். மீன் கூடினால் படகு கூடும். படகு கூடினால் யாராவது ஒருவர் மிதவையிலேயே கயிறு கட்டி நிற்பார். ஆழ்கடல் மிதவைகளில் கேமரா மாட்டிப் பார்க்கிற அளவுக்கு என்.ஐ.ஓ.டி.க்கே இது தலைவலி. எங்கள் மிதவையில் கயிறு கட்டியிருந்த அண்ணன் ஒருவரிடம் போய்ப் பேசினேன். அவர் கோபப்படவில்லை. "அதுக்கடியில பாரை நிக்குது சார். நீங்க அலையைப் பாக்கிறீங்க, நாங்க மீனைப் பாக்கிறோம். யாரு போட்டது, எதுக்குப் போட்டதுன்னு ஊருக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்றார். சொல்லவில்லை. கம்பெனியும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இப்போது மூன்றாவது வழி. இதற்கு நான் பார்த்தவரை நல்ல முன்மாதிரி அமெரிக்கத் துறைமுகங்களில் நோவா நடத்தும் போர்ட்ஸ் என்ற ஏற்பாடு. 1980 மே 9 அன்று புளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் திடீர்க் காற்றுமழையில் சம்மிட் வென்ச்சர் என்ற சரக்குக் கப்பல் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் மோதியது. பாலம் உடைந்து 35 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு, 1990-களின் தொடக்கத்தில், முதல் போர்ட்ஸ் அங்கேதான் வந்தது. காற்று, நீர்மட்டம், நீரோட்டம் எல்லாம் உடனுக்குடன் மாலுமிக்குக் கிடைக்கும். பங்கு பிரித்த விதம்தான் விஷயம்: கருவியைப் போடுவதும் பராமரிப்பதும் உள்ளூர்த் துறைமுகக்காரர்கள் செலவு, தர நிர்ணயம், இரவு பகலாக டேட்டாவைச் சரிபார்ப்பது, வெளியிடுவது நோவாவின் வேலை. டேட்டா எல்லோருக்கும் இலவசம். டாம்பாவில் இதனால் ஆண்டுக்கு 70 லட்சம் டாலருக்கு மேல் பலன் என்று 2005-இல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிட்டது. மதிப்பீடுதான், ஆனாலும் பணம் போடுகிறவனிடம் காட்ட ஒரு எண் வேண்டுமே.

அமெரிக்காவின் லாங் பீச் துறைமுகத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 335 மீட்டர் நீள எண்ணெய்க் கப்பல் நீண்ட அலையில் ஒரே ஒரு டிகிரி முன்பின்னாகச் சாய்ந்தால் நுனி கிட்டத்தட்ட 3 மீட்டர் கீழே இறங்கும். அதனால் 65 அடிக்கு மேல் அமிழும் கப்பல்களை உள்ளே விடவில்லை. கப்பலை உள்ளே வழிநடத்தும் பைலட்டுகள், துறைமுகம், எண்ணெய் கம்பெனி, நோவா எல்லோரும் சேர்ந்து அலை மிதவை டேட்டாவையும் ஒரு டச்சு மென்பொருளையும் வைத்துக் கணக்குப் போட்டு, அந்த வரம்பைப் படிப்படியாக உயர்த்தினார்கள். யாருக்கு அலையின் அளவு காசாகிறதோ அவன் பராமரிப்புக்குக் காசு கொடுக்கிறான். இதைவிட நேர்மையான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

எங்களுடையது அதன் குட்டிப் பதிப்பு. பக்கத்து மாவட்டத்துக் கல்லூரியின் கடல்சார் துறை ஒன்றோடு ஒப்பந்தம். டேட்டா முதலில் அவர்களுடைய சர்வருக்குப் போகும், அங்கிருந்து எங்களுக்கு. தப்பான எண் வந்தால் எங்களுக்கு முன்னால் மாணவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பராமரிப்புப் பணத்தை மூன்று வருடத்துக்கு முன்கூட்டியே தனிக் கணக்கில் போட்டுவிட்டோம். இல்லையென்றால் ஒரு மோசமான காலாண்டில் எங்கள் முதலாளி முதலில் வெட்டுவது இதைத்தான். கரையில் எப்போதும் ஒரு உபரி மிதவை. முக்கியமாக, 80 சதவீதம் என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் தனியாக 90 சதவீதம் என்று எழுதினோம். ஒரு வரி மாற்றம், அதற்கு ஒன்றரை வருடப் படிப்பு.

அப்புறம், நான் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) கம்பெனியைத் தேடவில்லை. கயிறு கட்டிய அண்ணனின் ஊருக்குப் போனேன். இரண்டு ஃபைபர் படகுக்கு மாதச் சம்பளம்: வாரம் ஒருமுறை மிதவையைச் சுற்றிப் பார்த்து போட்டோ அனுப்புவது, மாதம் ஒருமுறை சுரண்டுவது. தூக்கி எடுத்துச் செய்யும் பெரிய வேலையை ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்கிறோம். அப்போது விசைப்படகுகள் சும்மா நிற்கும், கயிறு இழுக்கும் வின்ச் இருக்கும், ஆள் இருக்கும். மீன்வளத் துறைக்கு ஒரு கடிதம் கொடுத்தால் வேலை நடக்கிறது. அரசு-தனியார் கூட்டு என்றதும் எல்லோரும் பெரிய கம்பெனியைத்தான் நினைக்கிறோம். எங்கள் கூட்டில் தனியார் என்றால் முக்கியமாக இந்த இரண்டு படகுக்காரர்கள்தான்.

குறை இல்லாமல் இல்லை. ஜெட்டி கைமாறினால் புது முதலாளி அந்தக் கணக்கை மூடிவிடலாம்; போர்ட்ஸ் ஏற்பாட்டிலும் உள்ளூர்ப் பை காலியானால் கருவி நிற்கும் என்ற அதே ஆபத்து உண்டு. பேராசிரியர் மாறினால் ஆர்வம் மாறலாம். என் அனுபவம் 16 மீட்டர் ஆழத்தில் ஒரே ஒரு மிதவை, அவ்வளவுதான். நீரோட்டமானியைக் கடலடியில் வைத்து நாங்கள் இன்னும் பார்க்கவில்லை, அங்கே இழுவலைதான் எதிரி என்கிறார்கள். நூறு மைல் தள்ளி மிதவை வைப்பவர்கள் என் பேச்சைக் கேட்டு ஃபைபர் படகு தேட வேண்டாம்.

போன மாதம் சுரண்டி முடித்த மறுநாள் அண்ணன் போன் செய்தார். "சார், மொத்தமாச் சுரண்டிட்டா மீன் ரெண்டு வாரம் அண்ட மாட்டேங்குது. உருண்டையை நல்லாச் சுரண்டிக்கிறோம், கீழே சங்கிலியில கொஞ்சம் விட்டுவைக்கலாமா?" கல்லூரியில் கேட்டேன். சங்கிலியின் அடிப்பாகத்தில் இருப்பது அளவைப் பாதிக்காது என்றார்கள். விட்டுவைத்திருக்கிறோம்.