டைவ் லைட் பல்பு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: பாதி விளக்கின் விலை போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். டைவிங் சாமான்கள் மட்டுமே விற்கும் ஒரு இணையக் கடையில் என் ஹாலோஜன் டைவ் லைட்டுக்கு, அதாவது நீருக்கடியில் பிடித்துப் போகும் டார்ச்சுக்கு, மாற்று பல்புகள் வாங்கினேன். புது விளக்கு ஒன்றின் விலையில் பாதி போய்விட்டது. "இனி இந்த வகை கிடைக்காது, நாலாக வாங்கி வையுங்க" என்று அவர்களே சொல்லித்தான் நான்கு வாங்கினேன்.

என்னை நம்ப வைத்த விதத்தை நினைத்தால்தான் ஆறவே மாட்டேன் என்கிறது. பழைய பல்பின் படத்தைக் கேட்டார்கள். அதில் 6 வோல்ட், 10 வாட் என்று பொறித்திருந்தது தெளிவாகத் தெரியும்படி எடுத்து அனுப்பினேன். விளக்குக்கு எத்தனை செல் என்றார்கள். நான்கு ஆல்கலைன் என்றேன். பின்களுக்கு நடுவே 4 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொன்னார்கள். இத்தனையும் கேட்கிறவருக்கு விஷயம் தெரியும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? கடைசியில், "அதே பல்புதான், தைரியமா வாங்குங்க" என்று எழுதியே கொடுத்தார்கள்.

பெயரோ குறிப்போ இல்லாத உறையில் வந்தன. 4 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட ஜி4 வகைப் பின்கள், கச்சிதமாக உட்கார்ந்தன. எரிந்ததோ மங்கிய செம்மஞ்சள். பல்பைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 12 வோல்ட், 20 வாட்! 12 வோல்ட் பல்புக்கு 6 வோல்ட் கொடுத்தால் வெளிச்சம் பாதியாவதோடு நிற்காது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு விழுந்துவிடும். இதை நம்பி ஒருவர் இரவில் நீருக்குள் இறங்கியிருந்தால்? கூட வருபவருக்குச் சைகை காட்டக்கூட அந்த ஒளி உதவாது.

கேட்டதற்கு முதல் பதில்: "பேட்டரி வீக், புது செல் போடுங்க." புது செல் போட்டேன், அதே மங்கல். அடுத்தவர், "உங்க விளக்கில் துரு இருக்கும்" என்றார். 12 வோல்ட் என்று பொறித்திருப்பதைப் படமெடுத்து அனுப்பிய பிறகு, "உறையைப் பிரித்த பல்பைத் திருப்பி எடுக்க மாட்டோம்." பிரிக்காமல் எப்படிப் படிப்பது? அதற்குப் பதிலே இல்லை. புகார் தீர்ந்துவிட்டதாகக் குறித்து மூடிவிட்டார்கள். மறுபடி எழுதினால், வேறொருவர் வந்து "வணக்கம், பழைய பல்பின் படத்தை அனுப்புங்க" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். பாதி விளக்கின் விலை, ஐயா! அதில் ஒரு காசுகூடத் திரும்பவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சில வார்த்தைகள். பின் பொருந்துவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே ஜி4 அடியில் 6 வோல்ட்டும் வரும், 12 வோல்ட்டும் வரும். வோல்ட்டும் வாட்டும் இரண்டுமே பழையதோடு ஒத்துப்போக வேண்டும். வாட் கூடினால் சூட்டில், பல்பைச் சுற்றி ஒளியைக் குவிக்கும் பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் உருகலாம். இழை இருக்கும் உயரத்தையும் பாருங்கள், மாறினால் ஒளிக்கற்றையின் நடுவே இருட்டு விழும். ஹாலோஜன் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். அப்புறம், உங்களுக்கு வரப்போகும் அதே பல்பின் பொறிப்பைப் படமெடுத்து அனுப்பும்வரை பணம் கட்டாதீர்கள்.