ஆர்னம் லேண்ட் பயணத்துக்கு முன்பணம் கட்டப்போகிறவர்கள் கவனத்திற்கு: எங்கள் 3,850 டாலர் போன விதம்

இன்று காலை வந்த மின்னஞ்சலைப் படித்த கொதிப்பு அடங்கும் முன்பே இதை எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில், ஆர்னம் லேண்ட் வழியாகக் கோபர்க் தீபகற்பத்தின் காரிக் குனாக் பார்லு தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போவதற்காக, இணையத்தில் மட்டுமே கடை விரித்திருக்கும் ஒரு பயண முன்பதிவு நிறுவனத்திடம் 3,850 ஆஸ்திரேலிய டாலர் கட்டினேன். பயணமும் நடக்கவில்லை, பணமும் திரும்பவில்லை.

டார்வினிலிருந்து ஏறத்தாழ 570 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அந்தக் கடற்கரைக்குத் தரைவழியாக வறண்ட பருவத்தில் மட்டுமே, அதுவும் நான்கு சக்கர இயக்க வண்டியில்தான் போக முடியும். வழியிலுள்ள நிலம் 1976-ஆம் ஆண்டின் நில உரிமைச் சட்டப்படி பழங்குடி மக்களுக்குச் சொந்தம் என்பதால் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. பூங்காவில் தங்கும் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. இவை அனைத்தையும் படித்துவிட்டுத்தான் முதல் கேள்வியாக அனுமதியைப் பற்றிக் கேட்டேன். மறுமுனையில் பேசியவர் நம் தமிழர். "பெர்மிட் எல்லாம் எங்க பொறுப்பு அண்ணா, நீங்க பையை மட்டும் தூக்கிட்டு வாங்க" என்றார். வெளியூரில் தமிழ்க் குரல் கேட்டால் மனம் எப்படி இளகும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. முழுத் தொகையையும் கட்டிய அன்று மாலையே பூங்காவின் பெயர், தேதிகள், ஏதோ ஓர் எண் ஆகியவற்றுடன் அனுமதிச் சீட்டு என்று ஒன்றை அனுப்பிவைத்தார். அதில் வண்டியின் பதிவெண்ணும் இல்லை, ஓட்டுநரின் பெயரும் இல்லை. கேட்டபோது, "குழுவா எடுத்தது அண்ணா, பேரெல்லாம் வராது" என்றார்.

டார்வினில் இறங்கி, அனுமதி வழங்கும் அலுவலகத்தில் அந்தச் சீட்டைக் காட்டியபோதுதான் அப்படியோர் அனுமதி பதிவிலேயே இல்லை என்பது தெரிந்தது. அந்தத் தேதிகளில் வேறு வண்டிக்கு இடமும் இல்லை. அனுமதிக்கென்று அங்கே வாங்கும் கட்டணமோ நாங்கள் கட்டிய 3,850 டாலரில் ஒரு சிறு துண்டுதான்.

அதன் பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம்" என்றார்கள். அடுத்து, நில உரிமையாளர்கள் கடைசி நேரத்தில் மறுத்துவிட்டதாகப் பழியை அவர்கள் தலையில் போட்டார்கள்; விண்ணப்பமே போகாத இடத்தில் மறுப்பு எங்கிருந்து வரும்? பிறகு, "கடற்கரை பொது இடம்தானே சார், படகுல போயிருக்கலாமே" என்று எனக்கே பாடம் எடுத்தார் அதே மனிதர். நார்தர்ன் டெரிட்டரி கடற்கரையின் ஏறத்தாழ 80 விழுக்காட்டில், அலையேற்ற எல்லைக்குள் வரும் நீருக்கும் பழங்குடி உரிமையாளர்களின் அனுமதி வேண்டும் என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் புளூ மட் பே வழக்கில் 2008-இல் தீர்ப்பளித்ததை இந்தத் தொழிலில் இருப்பவர் அறியாதவராக இருக்க முடியாது. அவர் பேச்சைக் கேட்டுப் படகேறியிருந்தால் நாங்கள்தான் அத்துமீறியவர்கள் ஆகியிருப்போம். இன்று காலை வந்த கடைசி பதில், 3,850 டாலருக்கு ஈடாக அவர்களிடமே ஓராண்டுக்குள் செலவழிக்க வேண்டிய ஒரு கூப்பன்!

விரிவான ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், வங்கிக்குப் புகார் எழுத வேண்டியிருப்பதால் அவசரத்தில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். அனுமதிக்கு நீங்களே நேரடியாக விண்ணப்பியுங்கள், அது கைக்கு வரும்வரை யாருக்கும் முன்பணம் கட்டாதீர்கள். சீட்டில் உங்கள் பெயரும் வண்டி எண்ணும் இல்லையென்றால் அலுவலகத்தைக் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். வாடகை வண்டி என்றால், வழியில் முதலைகள் நிறைந்த ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றைக் கேஹில்ஸ் கிராசிங் என்ற, நீர் புரளும் தரைப்பாலத்தில் கடக்கும்போது நேரும் சேதத்துக்குக் காப்பீடு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். கடன் அட்டையில் மட்டும் கட்டுங்கள். கூப்பனை ஏற்றுக்கொள்ளவே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.