வராததும் தோற்றதும் ஒன்றா? லீக் ஆப் ஒன்றை இரண்டு வருடம் ஓட்டிய அனுபவம்

பட்டுக்கோட்டை நண்பர் போன வாரம் போன் செய்தார். "மாப்ள, நீ லீக் நடத்துற ஆப்புக்கு வருஷ சந்தாவைப் பாதியா குறைச்சிருக்காங்க. எங்க பக்கமும் ஒரு லீக் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். வாங்கலாமா, வேணாமா?" என்றார். அதற்கு முந்தைய வாரம் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கு என்று சொல்லியிருப்பேன். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். ஆப்பின் பெயர் வேண்டாம். லீக் நடத்துகிறவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரிந்துவிடும்.

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இரவு கடையை மூடிய பிறகு நடத்துவதுதான் இந்த பிஜிஎம்ஐ லீக். நாலு நாலு பேர் அணியாக ஒரே மேப்பில் இறங்கி, கடைசிவரை யார் மிஞ்சுகிறார்கள் என்று சண்டை போடும் மொபைல் விளையாட்டு அது. 2022 ஜூலையில் ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்ட விளையாட்டு 2023 மே மாதம் திரும்பி வந்ததும், கடைக்கு வரும் பையன்களை வைத்து 16 அணிகளோடு ஆரம்பித்தேன். இன்று 40 அணிகள். பாபநாசம், வலங்கைமான், நீடாமங்கலம், குத்தாலம், மன்னார்குடி என்று டெல்டா முழுவதிலிருந்தும் வருகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. 2025 ஆகஸ்டில் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் வந்தபோது இரண்டு அப்பாக்கள் கடைக்கே வந்து விசாரித்தார்கள். அந்தச் சட்டம் தடுப்பது பணம் வைத்து ஆடும் ஆட்டத்தை, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்திருக்கிறது என்று விளக்கி, எங்கள் விதிமுறைத் தாளையும் கையில் கொடுத்தேன். இருவருடைய பையன்களும் இன்னும் ஆடுகிறார்கள்.

முதல் சீசனை வாட்ஸ்அப்பிலும் ஒரு ஷீட்டிலும் ஓட்டினேன். அது பட்ட பாடு. ஸ்லாட் லிஸ்ட்டை, அதாவது எந்த அணிக்கு எந்த எண் இடம் என்ற பட்டியலைக் குழுவில் போடுவேன், ஒவ்வொருவரும் காப்பி எடுத்துத் தங்கள் அணிப் பெயரைச் சேர்த்து மறுபடி போடுவார்கள். பத்து நிமிடத்தில் ஐந்து விதமான லிஸ்ட் சுற்றிக்கொண்டிருக்கும். ரூம் ஐடியும் பாஸ்வேர்டும் கொடுத்த பிறகு "அண்ணே, எங்க ஸ்லாட் எது?" என்று கேட்பவர்கள் ஒரு பக்கம், "இதோ வந்துட்டோம்ணே" என்று சொல்லிவிட்டு வராமலே போகிறவர்கள் ஒரு பக்கம். ஓர் இரவு 16 அணிகளில் 9தான் லாபிக்குள், அதாவது ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் கூடும் அறைக்குள் இருந்தன.

வராத அணியால் அந்த அணிக்கு மட்டும் நஷ்டம் என்று நினைக்கக் கூடாது. எரங்கெல் 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் மேப். 64 பேர் இறங்க வேண்டிய இடத்தில் 36 பேர் இறங்கினால் பாதி ஊர் காலியாகக் கிடக்கும். மேப்பின் நடுவில் இருக்கும் பொச்சிங்கி ஊரில் சண்டை போட்டு இடத்தைப் பிடிக்கிற அணிக்கு அன்று சண்டைக்கு ஆளே இருக்காது. எதிரணி ஆளை வீழ்த்தும் ஒவ்வொரு கில்லுக்கும் ஒரு பாயிண்ட், முதலிடத்துக்கு 10, அப்புறம் 6, 5, 4, 3, 2, ஏழுக்கும் எட்டுக்கும் ஒவ்வொன்று. இதுதான் கணக்கு. 16 அணிகளில் எட்டாவதாக வருவதற்கு விளையாட வேண்டும். 9 அணிகளில் எட்டாவதாக வர, ஓரமாக ஒரு வீட்டில் படுத்திருந்தாலே போதும். அன்றைய பாயிண்ட் பட்டியலை வைத்து யார் நல்ல அணி என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கறாரான செக்-இன், அதாவது ஆட்டத்துக்கு முன்பே வந்துவிட்டோம் என்று பதிவு செய்வது வேண்டும் என்று கேட்டவன் நான்தான்.

ஆப் வந்த பிறகு இந்தக் கூத்தெல்லாம் நின்றது. மறுக்க மாட்டேன். மேல் பிரிவில் 16 அணிகள், ஒரே லாபி, ஞாயிறு இரவு 4 ஆட்டம். கீழ்ப் பிரிவில் 24 அணிகளை எட்டு எட்டாக மூன்று குழுவாகப் பிரித்து ஏ-பி, பி-சி, சி-ஏ என்று மோத விடுவது. இதை நான் கையால் போட்டால் ஒரு சாயங்காலம் போய்விடும். ஆப் நொடியில் போட்டுக் கொடுக்கிறது. முடிவுத் திரையின் ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுத்தால் பாயிண்டைக் கூட்டிவிடுகிறது. பெயரில் கொம்பும் கிரீடமும் வைத்திருக்கும் பையன்களைச் சில சமயம் மாற்றிப் படிக்கும், திருத்திக்கொள்ளலாம். முன்பெல்லாம் இரவு ஒரு மணி வரை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது பதினொன்றரைக்கு ரிசல்ட் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன்.

மாற்று வீரர்கள் விஷயத்தையும் ஆப் ஒழுங்காகச் செய்கிறது. 18 வயது நிரம்பாதவர்களை பிஜிஎம்ஐ ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் விளையாட விடாது. மத்தியானமே இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு வரும் பதினேழு வயதுப் பையன், இரவு மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் வெளியே போய்விடுவான். நான்கு பேரோடு இரண்டு சப் வைத்துக்கொள்ளலாம், ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றலாம் என்று ஆப்பில் இருப்பதால் அந்த அணிகள் சமாளிக்கின்றன.

இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் வாங்கினேன். எதிர்பார்க்காமல் கிடைத்தது ஒன்று உண்டு: அணி இல்லாதவர்களுக்கான பட்டியல். தனி ஆளாகப் பதிவு செய்து, என்ன ரோலில் ஆடுவேன், எந்த நாள் வர முடியும் என்று எழுதி வைக்கலாம். ஆள் குறையும் அணி அதிலிருந்து கூப்பிட்டுக்கொள்ளும். முதலில் நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாவது சீசனில் பாபநாசம் அணியில் ஒருவன் வேலைக்குத் திருப்பூர் போய்விட்டான். அவர்கள் அந்தப் பட்டியலிலிருந்து குத்தாலம் பக்கத்துத் தம்பி ஒருவனைக் கூப்பிட்டார்கள். பாலிடெக்னிக் படிக்கிற பையன். அவன் ஊரில் கூட ஆட யாரும் இல்லாததால் இரண்டு வருடமாக முகம் தெரியாதவர்களோடு ரேண்டமாக ஆடிக்கொண்டிருந்தவன். முதல் நாள் மைக்கில் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது வாரம் பார்க்கிறேன், சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்தின் கடைசி சோனில் "அண்ணே, இடப்பக்கம் மேடு நம்மகிட்ட இருக்கு, இறங்காதீங்க, அவங்க வரட்டும்" என்று அவன்தான் நால்வரையும் பிடித்து வைக்கிறான். இன்று அந்த அணிக்கு ஐ.ஜி.எல்., அதாவது ஆட்டத்துக்குள் அணியை வழிநடத்துகிறவன் அவன். திருவிழாவுக்குப் பாபநாசத்துக்குப் போய் அவர்கள் வீட்டில் தங்குகிறான். இது ஒன்றுக்காகவே சந்தா கட்டலாம் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

சீசனின் கடைசி நாள். வலங்கைமான் அணி பட்டியலில் ஆறாவது. குறுவை அறுப்பு முடிந்த சமயம். அந்த அணியின் கேப்டன் வீட்டு நெல் கொள்முதல் நிலையத்தில் குவியலாகக் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். சனி இரவு நனைந்ததை ஞாயிறு பகல் முழுக்கப் பரப்பிக் காயவைத்திருக்கிறார்கள். சாயங்காலம் மறுபடி மேகம் கட்டியது. செக்-இன் 7:15க்குத் திறந்து 7:45க்கு மூடும், ஆட்டம் 8 மணிக்கு. 7:43க்கு எனக்குப் போன் வந்தது. "அண்ணே, ஒரு நிமிஷம், படுதா போட்டுட்டு வந்துடறேன்." பின்னால் மழை படுதாவின் மேல் அடிக்கிற சத்தம், அவன் அப்பா எதையோ இழுக்கச் சொல்லிக் கத்துகிற சத்தம். நெல் நனைந்தால் அந்த வீட்டுக்கு நாலு மாத உழைப்பு போச்சு. நீ முதல்ல அதைப் பாருடா என்றேன்.

7:47க்கு அவன் ஆப்பைத் திறந்தபோது பட்டன் சாம்பல் நிறமாகிவிட்டது. காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருந்த நீடாமங்கலம் அணிக்கு ஸ்லாட் தானாகவே போய்விட்டது. அவர்களை வெளியே போகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சொல்லவும் கூடாது. மூன்று வாரமாக ஒவ்வொரு ஞாயிறும் காத்திருந்த பையன்கள்.

எனக்கு ஆறாத இடம் இதுதான்: வலங்கைமான் அணியில் மீதி மூன்று பேரும் ஒரு சப்பும் 7:15 முதல் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேர் இருந்தார்கள், அதாவது ஒரு முழு ஸ்குவாட். ஆனால் செக்-இன் பட்டன் கேப்டன் கணக்கில் மட்டும்தான் வரும். நடத்துகிற எனக்கும் அந்தப் பட்டன் கிடையாது. வந்திருந்த அணியை வரவில்லை என்று எழுதிக்கொண்டது ஆப்.

அதோடு முடிந்திருந்தால் ஒரு நாள் போனது என்று விட்டிருப்பேன். வராத அணிக்கு அன்றைய 4 ஆட்டத்திலும் 16வது இடம் என்று போட்டு, அதை அப்படியே ரேட்டிங்கில் இறக்குகிறது ஆப். அடுத்த சீசனுக்கு யார் மேல், யார் கீழ் என்பதைப் பாயிண்ட் பட்டியலை வைத்து முடிவு செய்வதில்லை, ரேட்டிங்கை வைத்துத்தான். பாயிண்டை நான் திருத்தலாம், காரணமும் எழுதலாம். ரேட்டிங்கை யாரும் தொட முடியாது. ஆறாவதாக இருந்த அணி இரவு 12 மணிக்கு சீசன் பூட்டியபோது ரேட்டிங்கில் 13வதாகக் கிடந்தது. கடைசி நான்கு அணிகள் கீழே இறங்க வேண்டும். இறங்கிவிட்டது.

இரண்டு வருடத்தில் இது முதல் முறை கிடையாது. பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்திய நாளில், சாயங்காலம் போனில் சார்ஜ் இல்லாமல் ஓர் அணி போயிருக்கிறது. ஒரு பையனின் தாத்தா இறந்து மூன்றாம் நாள் ஓர் அணி போயிருக்கிறது. அவர்கள் கீழ்ப் பிரிவில் நடுவில் இருந்ததால் இடம் மாறவில்லை, நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போதே சண்டை போட்டிருக்க வேண்டும்.

ஆப்காரர்களுக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. யார் சொன்ன காரணம் உண்மை என்று தங்களால் சரிபார்க்க முடியாது, எல்லா அணிக்கும் ஒரே விதி இருந்தால்தான் நியாயம் என்றார்கள். அவர்கள் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். தோற்கப் போகிறோம் என்று தெரிந்து வராமல் இருந்துவிட்டு, பாட்டி செத்துவிட்டது என்று சொன்ன அணியையும் நான் பார்த்திருக்கிறேன். அதற்கு ஸ்லாட்டை எடு, அன்றைய பாயிண்டை எடு, அடுத்த வாரம் காத்திருப்பில் வை. நானே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ரேட்டிங் என்பது எவ்வளவு நன்றாக ஆடுகிறார்கள் என்பதற்கான எண். ஆடாத ஆட்டத்தில் 16வதாக வந்ததாக அதில் எழுதினால் அந்த எண் பொய்யாகிவிடுகிறது. அதன் பலனையும் மற்றவர்கள்தான் அனுபவிப்பார்கள். அடுத்த சீசனில் கீழ்ப் பிரிவில் புதிதாகச் சேரும் பள்ளிக்கூடம் முடித்த பையன்கள், மேல் பிரிவில் ஆறாவது இடத்தில் இருந்த அணியிடம் வாரா வாரம் அடி வாங்குவார்கள். நாலு வாரத்தில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். அமெச்சூர் லீக்கில் ஆளைச் சேர்ப்பதைவிட ஆளைத் தக்கவைப்பதுதான் கஷ்டம்.

சரிசெய்வதும் பெரிய வேலையாகத் தெரியவில்லை. அணியில் எந்த இரண்டு பேர் அழுத்தினாலும் செக்-இன் ஆக வேண்டும். நடத்துகிறவருக்கு சீசனுக்கு இத்தனை முறை என்று ஓர் எல்லை வைத்து, வராத நாளை ரேட்டிங் கணக்கிலிருந்து நீக்கும் உரிமை கொடுக்கலாம். எழுதி அனுப்பியிருக்கிறேன்.

சீசன் தேதி குறிக்கும்போது மேட்டூர் வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12ஐப் பார்ப்பேன், பரீட்சையைப் பார்ப்பேன், சம்பா நடவு, பொங்கல் எல்லாம் பார்ப்பேன். இந்த முறை குறுவை அறுப்பு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அறுப்புதான் முடிந்திருந்தது. நெல் விற்று முடியவில்லை. அதைக் கணக்கில் எடுக்காதது என் தவறு. இனி ஐப்பசி முடியாமல் கடைசி நாள் வைக்க மாட்டேன்.

திங்கட்கிழமை அந்தத் தம்பி கடைக்கு வந்தான். போன் சார்ஜ் ஏறவில்லை. சார்ஜிங் போர்ட்டை லென்ஸில் வைத்துப் பார்த்தால் உள்ளே நெல் சுணையும் சேறும் கெட்டியாக அடைத்திருந்தது. ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி, பிரஷ் போட்டு எடுத்தேன். நெல் என்னாச்சு என்று கேட்டேன். "ஓரத்துல நாலு மூட்டை நனைஞ்சிருச்சுண்ணே, மத்தது தப்பிச்சிருச்சு" என்றான். ஆட்டத்தைப் பற்றி அவன் எதுவும் பேசவில்லை. போனை வாங்கிப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான், "அப்ப அடுத்த சீசன் கீழயாண்ணே?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் கடைக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

அதனால் பட்டுக்கோட்டைக்கு என் பதில்: வாங்காதே. மேலே நான் எழுதிய நல்லதெல்லாம் உண்மைதான், பாதி விலைக்கு மலிவும்தான். ஆனாலும் இன்றைக்கு என் வாயிலிருந்து வாங்கு என்று வராது. 16 அணிக்கு ஷீட்டே போதும். என்னுடையதைப் பாயிண்ட் சூத்திரத்தோடு அனுப்பி வைக்கிறேன். அணி இல்லாதவர்கள் பட்டியலுக்கு அதிலேயே ஒரு பக்கம் போட்டுக்கொள். அவர்கள் அந்தச் செக்-இன் விதியை மாற்றினால் நானே கூப்பிட்டுச் சொல்கிறேன்.

என் சந்தா இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, அதுவரை இதிலேயே ஓட்டுவேன். விளையாட்டில் நாமே உருவாக்கும் கஸ்டம் ரூமில் 25 ஸ்குவாட் வரை இடம் உண்டு, ஆப் மட்டும்தான் மேல் பிரிவை 16க்கு மேல் ஏற்காது. அடுத்த சீசன் மேல் பிரிவில் 17 அணிகள். வலங்கைமான் பையன்களுக்கு ஸ்லாட் 17, ரூம் ஐடியை வாட்ஸ்அப்பில் நானே அனுப்புவேன், அவர்கள் பாயிண்டை நோட்டில் எழுதிக்கொள்வேன். மற்ற 16 கேப்டன்களையும் போனில் கேட்டுவிட்டேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.