சாங்கியில் விமானம் மாறுவது: எங்கே சுலபம், எங்கே சிக்கும்

ஆசியாவில் விமானம் மாற ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் ஓட்டு சிங்கப்பூரின் சாங்கிக்குத்தான். விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வணிக வளாகத்தின் அருவிக்காகவோ பட்டாம்பூச்சித் தோட்டத்துக்காகவோ இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய டெர்மினல்களில் வந்திறங்கும் பயணிகளையும் புறப்படும் பயணிகளையும் தனித்தனிப் பாதையில் பிரிப்பதில்லை. விமானத்தை விட்டு வெளியே வந்தால் நேராகப் புறப்பாட்டுக் கூடத்தில் நிற்பீர்கள். நடுவில் பாஸ்போர்ட் சோதனை கிடையாது, எல்லோரையும் ஒரே வாசலில் அடைக்கும் செக்யூரிட்டி வரிசையும் கிடையாது. 2024-ல் 6 கோடியே 77 லட்சம் பயணிகளைக் கையாண்ட நிலையத்தில் இது பெரிய விஷயம்.

ஆனால் இந்தச் சுகம் முழுக்க உங்கள் டிக்கெட்டைப் பொறுத்தது. தவறான டிக்கெட்டோடு வந்தால், இதே சாங்கியில் விசா இல்லாமல் நீங்கள் குடிநுழைவு (இமிக்ரேஷன்) வாசலுக்கு இந்தப் பக்கமும், உங்கள் பெட்டி அந்தப் பக்கமுமாக மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் வழி. கேட் எண்ணின் முதல் எழுத்தே டெர்மினலைச் சொல்லிவிடும். ஏ, பி என்றால் டெர்மினல் 3. சி, டி என்றால் டெர்மினல் 1. ஈ, எஃப் என்றால் டெர்மினல் 2. ஜி என்றால் டெர்மினல் 4. இறங்கியதும் அருகிலுள்ள திரையில் அடுத்த விமானத்தின் கேட்டைப் பாருங்கள். ஊரில் கொடுத்த போர்டிங் பாஸில் கேட் அச்சாகியிருந்தாலும் அதை நம்ப வேண்டாம், இடையில் மாறியிருக்கக்கூடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தின் மலிவு விலை நிறுவனமான ஸ்கூட் டெர்மினல் 1-ல் இயங்குகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2, 3 இரண்டையும் பயன்படுத்துகிறது. திருச்சியிலோ கோவையிலோ ஸ்கூட்டில் ஏறி இங்கே சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு மாறுகிறவர்கள் டெர்மினல் மாறியே ஆக வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று டெர்மினல்களையும் ஸ்கைடிரெயின் என்ற ரயில் உட்பகுதியிலேயே, அதாவது குடிநுழைவைத் தாண்டாமலே, இணைக்கிறது. இலவசம், அடிக்கடி வரும். டெர்மினல் 1-லிருந்து மற்ற இரண்டுக்கும் நடந்தும் போகலாம், வழி நெடுக நகரும் நடைபாதைகள் உண்டு. அதிகாலையில் சில மணி நேரம் ரயில் ஓடாது. அந்த நேரத்தில் மாறுகிறவர்கள், குறிப்பாகக் கடைசி எண் கேட்டுகளுக்குப் போகிறவர்கள், நடைக்கென்று கூடுதலாக இருபது நிமிடம் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு பலகையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பின்தொடராதீர்கள்: 'அரைவல்' என்பது. கூட்டம் அந்தப் பக்கம் போகிறதே என்று கூடவே போனால் குடிநுழைவுக் கவுன்டரில் போய் நிற்பீர்கள். உங்களுக்கு வேண்டியது 'டிரான்ஸ்ஃபர்'. இரண்டாவது விமானத்தின் போர்டிங் பாஸ் கையில் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபர் கவுன்டரில் வாங்க வேண்டும். கையில் இருந்தால் நேராகக் கேட்டுக்குப் போகலாம்.

செக்யூரிட்டி சோதனைதான் புதிதாக வருகிறவர்களை அதிகம் தடுமாற வைக்கிறது. முதல் மூன்று டெர்மினல்களிலும் எக்ஸ்ரே எந்திரம் ஒவ்வொரு கேட்டின் வாசலிலும் இருக்கிறது. கடைகளையெல்லாம் தாண்டிக் கடைசியில், விமானத்தில் ஏறுவதற்குச் சற்று முன்புதான் சோதனை. பல மணி நேரம் சுதந்திரமாகச் சுற்றிவிட்டு, சோதனையெல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்பில், கடைசி அழைப்பு வரும்போது கேட்டுக்கு ஓடுவார்கள். அங்கே பார்த்தால் பெல்ட்டைக் கழற்று, லேப்டாப்பை எடுத்து வை என்று வரிசை நிற்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ380 என்ற பெரிய விமானத்தில் 471 இருக்கைகள். அத்தனை பேரும் அந்த ஒரு கேட்டின் ஒரு சில எந்திரங்கள் வழியாகத்தான் போக வேண்டும். புறப்பாட்டுக்கு 10 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். ஆகவே பெரிய விமானம் என்றால், கேட் திறந்திருப்பதாகத் திரை காட்டியதுமே போய்விடுங்கள்.

டெர்மினலுக்குள் வாங்கிய தண்ணீர் பாட்டிலும் இந்தச் சோதனையில் போகும். உள்ளே வாங்கியதுதானே என்ற வாதம் எடுபடாது, ஏனென்றால் சோதனையே இனிமேல்தான். பாட்டிலைக் காலி செய்து கையில் வைத்துக்கொள்ளலாம். 100 மில்லிலிட்டர் விதி நெய், ஊறுகாய், தேன், பசைபோல் குழைவாக உள்ள எதற்கும் பொருந்தும். ஊரில் பெட்டியில் போட மறந்து கைப்பையில் வைத்த நெய் டப்பா, இந்திய விமான நிலையத்தில் தப்பியிருந்தாலும் இங்கே தப்பாது. வரியில்லாக் கடையில் வாங்கிய பாட்டில் என்றால், கடைக்காரர் மூடிக்கொடுத்த பிளாஸ்டிக் உறையைக் கடைசி ஊர் போய்ச் சேரும்வரை பிரிக்கவே கூடாது. ரசீது அந்த உறைக்குள்ளேயே தெரியும்படி இருக்க வேண்டும்.

இன்னொன்று: பல கேட் அறைகளுக்குள் கழிப்பறை கிடையாது. உள்ளே போனபின் அவசரம் என்றால் வெளியே வந்து, திரும்ப எக்ஸ்ரே வழியாகத்தான் போக வேண்டும். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் சோதனைக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு யோசித்துக் கட்டிய நிலையத்தில் இது எனக்குப் புரியாத குறை.

டெர்மினல் 4 இதிலிருந்து வேறு மாதிரி. 2017 அக்டோபரில் திறந்த இந்தக் கட்டடம் மற்ற மூன்றோடும் ரயிலால் இணையவில்லை, பேருந்துதான். செக்யூரிட்டியும் கேட்டில் இல்லாமல் ஒரே பொது இடத்தில் நடக்கிறது. பேருந்துக்குக் காத்திருப்பது, பயணம், சோதனை எல்லாம் சேர்த்தால், ஒரே டிக்கெட்டாகவே இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மற்ற மூன்றுக்குள் மாறுவதற்கு ஒன்றரை மணி நேரம் தாராளம். ஒரு மணி நேரத்திலும் முடியும், முதல் விமானம் சரியான நேரத்துக்கு வந்தால்.

இனி டிக்கெட். ஊர் முதல் கடைசி இடம்வரை ஒரே பதிவு எண்ணில் இருந்தால் பெட்டி தானாக மாறும், நீங்கள் குடிநுழைவைத் தாண்டத் தேவையில்லை, இந்திய பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசாவும் வேண்டாம். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. விலை குறைகிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால் இவை எதுவும் கிடையாது. பெட்டி சிங்கப்பூர் பெல்ட்டில் வந்து விழும். அதை எடுக்கக் குடிநுழைவைத் தாண்ட வேண்டும், தாண்ட விசா வேண்டும். முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி.

ஸ்கூட்டும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஒரே குழுமம்தானே, ஆளுக்கொரு தளத்தில் வாங்கினாலும் பெட்டி போய்விடும் என்று பலர் எண்ணுகிறார்கள். போகாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தளத்திலேயே ஸ்கூட் பகுதியையும் சேர்த்து ஒரே பயணமாக வாங்கினால்தான் இணைப்பு. விலை சற்றுக் கூடும். வயதான பெற்றோர் தனியாகப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள் என்றால், அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது.

பெட்டி எங்கே போகிறது என்பதை ஊர் கவுன்டரிலேயே உறுதி செய்யலாம். பெட்டியில் ஒட்டும் டேக்கில் பெரிய மூன்றெழுத்தாக அச்சாவது கடைசி ஊரின் குறியீடு. சிட்னி போகிறவருக்கு எஸ்.ஒய்.டி. என்று இருக்க வேண்டும், எஸ்.ஐ.என். என்பது இடையில் வரும் ஊராகத்தான் தெரிய வேண்டும். பெரிய எழுத்தே எஸ்.ஐ.என். என்றால் பெட்டி சிங்கப்பூரோடு நின்றுவிடும். பெட்டி உள்ளே நகர்வதற்கு முன் அங்கேயே கேளுங்கள். உங்களிடம் தரும் சிறு சீட்டிலும் அதே குறியீடும் பத்து இலக்க எண்ணும் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து வையுங்கள், பெட்டி வராவிட்டால் தேட உதவுவது அந்த எண்தான்.

தனித்தனி டிக்கெட்டில் போயே தீர வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு: பெட்டியே போடாமல் கைப்பையோடு மட்டும் போவது. ஸ்கூட்டின் சாதாரண வகுப்பில் கைப்பைக்கு 10 கிலோ வரை அனுமதி. இரண்டாவது விமானத்துக்கு ஆன்லைனில் செக்-இன் செய்து போர்டிங் பாஸ் எடுத்திருந்தால் உட்பகுதியிலேயே இருந்து மாறிவிடலாம். ஆனால் போகும் நாட்டின் விசாவைக் கவுன்டரில் காட்டினால்தான் பாஸ் தருவோம் என்று சில நிறுவனங்கள் சொல்லும், சில மலிவு விலை நிறுவனங்களுக்கு டிரான்ஸ்ஃபர் கவுன்டரே இருக்காது. வாங்கும் முன் அந்த நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள்.

விசா இல்லாமல் 96 மணி நேரம் வரை சிங்கப்பூருக்குள் போகும் சலுகை இந்தியர்களுக்கு இருப்பது உண்மை. அதைப் பாதி மட்டும் கேட்டுவிட்டு வருகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய எட்டில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ நீண்டகால அனுமதியோ வேண்டும். சிங்கப்பூரில் நுழையும் நாளில் அது குறைந்தது ஒரு மாதமாவது செல்ல வேண்டும். 96 மணி நேரத்துக்குள் புறப்படும் உறுதியான டிக்கெட் வேண்டும். மூன்றாவது நாட்டுக்குப் போகும் வழியிலோ அங்கிருந்து திரும்பும் வழியிலோ இருக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா இருக்கிறதே என்பது போதாது; அதை ஜெர்மனியோ சுவிட்சர்லாந்தோ கொடுத்திருக்க வேண்டும், பிரான்ஸ் கொடுத்தது கணக்கில் வராது. எல்லாம் சரியாக இருந்தாலும் முடிவு வாசலில் இருக்கும் அதிகாரியுடையது. அதனால் இந்தச் சலுகையை நம்பித் தனி டிக்கெட் எடுப்பதைவிட முறையாக விசா எடுப்பதே மேல். வருகைக்கு முந்தைய 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம்.

உள்ளே போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் வாசல் உண்மையிலேயே வேகமானது. வருகைக்கு மூன்று நாட்களுக்குள், வரும் நாளும் சேர்த்து, சிங்கப்பூரின் வருகைப் படிவமான எஸ்.ஜி. அரைவல் கார்டை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இது இலவசம். பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசின் தளம் இல்லை, வெளியே வந்துவிடுங்கள். உட்பகுதியிலேயே மாறுகிறவர்களுக்கு இந்தக் கார்டு தேவையில்லை. பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். இனிஷியலை விரிப்பதும் சுருக்குவதும் வேண்டாம். பாஸ்போர்ட் எண்ணில் சுழியத்தையும் 'ஓ'வையும் மாற்றி அடிப்பது தானியங்கி வாசல் திறக்காமல் போவதற்கு ஒரு முக்கியக் காரணம். திறக்காவிட்டால் பதற வேண்டாம், பக்கத்திலுள்ள கவுன்டருக்கு அனுப்புவார்கள். 2022 ஏப்ரல் முதல் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும், ஆகவே கார்டில் சரியான மின்னஞ்சலைக் கொடுங்கள்.

ஹோட்டல் போடும்போது வரைபடத்தைப் பாருங்கள். டெர்மினல் 1-ல் உள்ள ஏரோடெல் உட்பகுதியில் இருக்கிறது, அங்கே தங்க விசா வேண்டாம். ஜுவலில் உள்ள யோட்டல்ஏர், டெர்மினல் 3-ஐ ஒட்டிய கிரௌன் பிளாசா இரண்டுமே குடிநுழைவுக்கு வெளியே. விமான நிலைய ஹோட்டல் என்ற பெயரை மட்டும் பார்த்துப் போட்டுவிட்டு, விசா இல்லாமல் உள்ளே நிற்க நேரும். ஜுவலின் அருவியும் வெளியேதான். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் இடைவெளி உள்ளவர்களுக்கான இலவச நகரச் சுற்றுலாவுக்கும் நுழைவு அனுமதி வேண்டும்.

தனி டிக்கெட், பெட்டி எடுத்துத் திரும்பப் போட வேண்டும், விசா இருக்கிறது என்ற நிலையில் நான்கு மணி நேரம் குறைந்தபட்சம். பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே பெட்டி வாங்குவதை நிறுத்திவிடும் என்பதால், கணக்கை அங்கிருந்து பின்னோக்கிப் போடுங்கள். பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலியை 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் பதிவு செய்யுங்கள். இரண்டு விமானங்களுக்கும் பதிவாகியிருக்கிறதா என்று தனித்தனியே கேளுங்கள். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, தமிழ் பேசும் ஊழியரும் கிடைப்பார். இருந்தாலும் அடுத்த விமான எண்ணையும் போகும் ஊரையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு பெரியவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள்.